நெல் வயலுக்கு வந்துவிட்ட உமிழ்வு அளவுகோல்: கையெழுத்துப் போடும் முன் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நட்டதிலிருந்து எத்தனை நாள் வயலில் தண்ணீர் நின்றது? நடுவில் எத்தனை முறை காய விட்டீர்கள்? போன போகத்து வைக்கோலை என்ன செய்தீர்கள்? ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டீர்கள்?"

செல்போனில் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பவர்கள் இப்போது நெல் விளையும் ஊர்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். சிலர் கார்பன் கிரெடிட் திட்டங்களின் சார்பில் வருகிறார்கள். சிலர் அரிசி வாங்கும் நிறுவனங்களின் சார்பில் வருகிறார்கள். பயிற்சிக் கூட்டங்களில் விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதெல்லாம் எதுக்கு சார்? சொன்னா நமக்குப் பின்னாடி ஏதாவது சிக்கல் வருமா?"

சுருக்கமான பதில் இது. நெல் விவசாயி இவ்வளவு வாயுவைத்தான் வெளியிடலாம் என்று இந்தியாவில் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் உலக அளவில் ஒவ்வொரு தொழில் துறைக்கும் உமிழ்வு அளவுகோல் வகுக்கப்படுகிறது. அதில் உணவுத் துறையும் உண்டு, நெல்லும் உண்டு. அந்தக் கணக்கை முடிக்க வேண்டியவர்களுக்கு உங்கள் வயலின் விவரம் தேவைப்படுகிறது. தேவைப்படும் பொருளுக்கு விலை உண்டு. அந்த விலையை யார் வாங்குவது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

2015-ல் பாரிஸ் நகரில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. பூமியின் சராசரி வெப்பநிலை உயர்வை, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டு, 2 டிகிரிக்கு வெகுவாகக் கீழே வைக்க வேண்டும், முடிந்தவரை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு உலகம் இன்னும் எவ்வளவு வாயுவை வெளியிடலாம் என்று ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி. கணக்கிட்டது. மேட்டூர் அணையில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டு எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்று பிரிப்பதைப் போல, அந்த மொத்தக் கணக்கை மின்சாரம், சிமென்ட், இரும்பு, போக்குவரத்து, உணவு என்று துறைவாரியாகப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்து வரும் அளவுதான் துறைவாரி அளவுகோல்.

மின்சாரத்துக்குச் சூரிய சக்தி, காற்றாலை என்று மாற்று வழிகள் இருப்பதால், அந்தத் துறையைப் பூஜ்ஜியத்துக்கு அருகில் கொண்டுவரச் சொல்ல முடியும். நெல்லுக்கும் மாட்டுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கும் சேற்றில் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்கும். மாட்டின் இரைப்பையிலும் உண்டாக்கும். அதனால் விவசாயத்திடம் "நிறுத்து" என்று கேட்பதில்லை, "குறை" என்று கேட்கிறார்கள். 1.5 டிகிரிக்கு ஒத்துப்போகும் பாதைகளில் விவசாய மீத்தேன் 2050-க்குள், 2010 அளவோடு ஒப்பிட, 24 முதல் 47 சதவீதம் குறைகிறது என்று ஐ.பி.சி.சி.யின் 2018 அறிக்கை காட்டியது.

இந்த எண் அப்படியே ஒரு நாட்டின் சட்டத்தில் ஏறிய கதையும் உண்டு. நியூசிலாந்து 2019-ல் தன் கால்நடை மீத்தேனுக்கு அதே 24 முதல் 47 சதவீதத்தை 2050-க்கான இலக்காக வைத்தது. ஒப்பீட்டு ஆண்டை மட்டும் 2017 என்று மாற்றிக்கொண்டது. விவசாயிகளின் எதிர்ப்பு நீடித்தது. 2025-ல் அந்நாட்டு அரசு இலக்கை 14 முதல் 24 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. டென்மார்க் வேறு வழியில் போனது. 2030 முதல் கால்நடை உமிழ்வுக்கு வரி விதிப்பது என்று 2024-ல் விவசாய அமைப்புகளையும் சேர்த்து உட்கார வைத்து ஒப்பந்தம் செய்தது. வரியில் 60 சதவீதம் கழிவும் கொடுத்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: அளவுகோலின் அடியில் விஞ்ஞானம் இருக்கிறது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது பேசி முடிவாகிறது. பேசும் இடத்தில் விவசாயி இருந்தால் அவன் பங்கும் கணக்கில் வரும்.

இந்தியாவின் நிலை என்ன?

2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் உலக மீத்தேனை 2020 அளவிலிருந்து 30 சதவீதம் குறைக்கும் உறுதிமொழி ஒன்று தொடங்கப்பட்டது. இந்தியா அதில் சேரவில்லை. நம் மீத்தேனில் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் நெல்லிலிருந்தும் மாடுகளிலிருந்தும் வருகிறது. அது பிழைப்புக்கான உமிழ்வு, ஆடம்பரத்துக்கானது அல்ல என்பது மத்திய அரசு சொன்ன காரணம். 2020-ம் ஆண்டுக்கான அரசின் கணக்குப்படி, நாட்டின் மொத்த உமிழ்வில் விவசாயத்தின் பங்கு 14 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எரிசக்தித் துறையின் பங்கு சுமார் 76 சதவீதம். விவசாயத்துக்குள்ளும் பாதிக்கு மேல் கால்நடையிலிருந்து வருவதுதான்.

2023-ல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்திலும் கட்டாய இலக்கு சிமென்ட், அலுமினியம், காகிதம் போன்ற ஆலைகளுக்குத்தான். விவசாயம் விருப்பத்தின் பேரில் சேரும் பகுதியில் மட்டுமே வருகிறது.

அப்படியானால் கேள்வி கேட்பவர்கள் ஏன் வருகிறார்கள்? காரணம் சந்தை. பெரிய உணவு நிறுவனங்கள் பல, தங்கள் உமிழ்வைக் குறைப்பதாகத் தாமாகவே உறுதி கொடுத்திருக்கின்றன. அந்த உறுதி பாரிஸ் இலக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் அமைப்புகளில் முக்கியமானது எஸ்.பி.டி.ஐ. இந்த அமைப்பு 2022 செப்டம்பரில் காடு, நிலம், விவசாயம் சார்ந்த நிறுவனங்களுக்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அரிசியை வாங்கி விற்கும் நிறுவனத்தின் உமிழ்வில் பெரும்பகுதி அதன் ஆலையில் இல்லை, நம் வயலில் இருக்கிறது. அந்த வயலில் குறைந்தால்தான் அந்த நிறுவனத்தின் கணக்கில் குறையும்.

அளவுகோல் இரண்டு வகை

இந்த வழிகாட்டுதலில் இரண்டு வழிகள் உண்டு. விவசாயிக்கு இவற்றின் வேறுபாடு மிக முக்கியம்.

முதல் வழி, மொத்தத்தில் சதவீதக் குறைப்பு. நிறுவனம் தன் நிலம் சார்ந்த மொத்த உமிழ்வை ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் குறைக்க வேண்டும். 2020-ல் தொடங்கினால் 2030-ல் ஏறக்குறைய 30 சதவீதம் குறைய வேண்டும்.

இரண்டாவது வழி, விளைபொருள் வாரியான அளவு. நெல், கோதுமை, மக்காச்சோளம், பால் உள்ளிட்ட 11 பொருட்களுக்கு, ஒரு டன் விளைவிக்க எவ்வளவு உமிழ்வு என்று வட்டாரவாரியாகப் பாதை போட்டிருக்கிறார்கள். இதில் கேட்பது டன் கணக்கு.

ஒரு ஏக்கரில் போட்டுப் பார்ப்போம். ஐ.பி.சி.சி.யின் 2019 வழிகாட்டுதலில், தெற்காசியாவில் தொடர்ந்து தண்ணீர் கட்டிய நெல் வயல் எக்டேருக்கு ஒரு நாளில் 0.85 கிலோ மீத்தேன் வெளியிடும், சாகுபடிக் காலம் 112 நாள் என்று பொது அளவு கொடுத்திருக்கிறார்கள். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஒரு போகத்துக்குச் சுமார் 38.5 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக ஏக்கருக்குச் சுமார் 1,040 கிலோ.

அதே வழிகாட்டுதல்படி, இடையில் பல முறை காய விட்ட வயலில் மீத்தேன் 45 சதவீதம் குறையும். ஏக்கருக்கு 570 கிலோ ஆகிவிடும். காய்ந்து நனையும்போது தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு சற்றுக் கூடும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இட்டால், அதனால் கூடுவது சுமார் 50 கிலோ. அதையும் சேர்த்தால் 620 கிலோ. நிகரமாகக் குறைந்தது ஏக்கருக்குச் சுமார் 420 கிலோ.

இப்போது டன் கணக்கு. தண்ணீர் கட்டியே ஏக்கருக்கு 2 டன் எடுக்கும் விவசாயியிடம் ஒரு டன் நெல்லுக்கு 520 கிலோ. அதே முறையில் 2.5 டன் எடுப்பவரிடம் சுமார் 415 கிலோ. காய்ச்சலும் பாய்ச்சலுமாக 2.5 டன் எடுப்பவரிடம் சுமார் 250 கிலோ. நல்ல விதை, சரியான வயது நாற்று, காலத்தில் களை எடுப்பு என்று மகசூலைக் கூட்டும் எந்த வேலையும் டன் கணக்கில் உங்களுக்குச் சாதகம்.

இன்னொன்றையும் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே திருந்திய நெல் சாகுபடிக்கு மாறி, அன்றிலிருந்து காய்ச்சலும் பாய்ச்சலுமாகவே தண்ணீர் விடுபவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் வயல் ஏற்கெனவே 620 கிலோவில் நிற்கிறது. சதவீதக் குறைப்பு கேட்கும் திட்டத்தில் அவர்களுக்குக் குறைக்க ஒன்றுமில்லை; "நீங்கள் புதிதாக எதுவும் செய்யவில்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள். முதலில் மாறியவருக்கு ஒன்றும் இல்லை, இத்தனை நாள் மாறாதவருக்குப் பணம். டன் கணக்கில் இந்த அநியாயம் இல்லை. அங்கே முன்னால் மாறியவர்தான் முதலிடத்தில் இருப்பார். இந்தியாவும் தன் நாட்டு இலக்கை இதே முறையில்தான் வைத்திருக்கிறது. 2005-ஐ ஒப்பிட்டு, உற்பத்தி மதிப்புக்கு இவ்வளவு உமிழ்வு என்பதை 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. நாடு தனக்குக் கேட்கும் முறையை நெல் விவசாயியும் தனக்குக் கேட்கலாம். ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் விவசாயிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் டன் கணக்கை வலியுறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

அட்டவணைக்குத் தெரியாத வயல்

மேலே உள்ள 45 சதவீதம் தண்ணீரை நம் கையில் வைத்திருக்கும் வயலுக்குப் பொருந்தும். டெல்டா சம்பாவுக்குப் பொருந்துமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் வழி இல்லாமல் நிற்கும் வயலில் "காய விடுங்கள்" என்று யார் சொன்னாலும் நடக்காது. குறுவை, நவரை, ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் ஆகியவற்றில் நடக்கும். வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் இடத்தில் மேல்மடைக்காரர் கட்டினால் கீழ்மடைக்காரர் காய விட முடியாது. மடை முழுக்கச் சேர்ந்து செய்தால்தான் முடியும். முறைப்பாசனத்தில் அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதி இல்லாதவர் வந்த தண்ணீரைக் கட்டி வைக்கத்தான் பார்ப்பார். அது அறியாமை இல்லை, அனுபவம்.

கிணற்றுப் பாசனத்தில் தண்ணீர் மிச்சமாகும். ஆனால் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அந்த மிச்சம் கைக்காசாக வருவதில்லை. நிலத்தடி நீர் மிஞ்சுவது ஊருக்கு லாபம். குழாயைப் பார்த்துப் பார்த்து மடை திறப்பதும், கூடுதல் களை எடுப்பும் விவசாயிக்குச் செலவு. இந்தச் செலவை அளவுகோல் வகுப்பவர் ஏற்க வேண்டும். குறைந்த பட்சம் அந்த அளவுகோலால் பயன் பெறும் நிறுவனம் ஏற்க வேண்டும்.

பணம் எவ்வளவு வரும்?

கார்பன் கிரெடிட்டில் ஏக்கருக்குப் பெரும் பணம் வரும் என்ற பேச்சை நம்பிவிட வேண்டாம். மேலே கண்ட கணக்கில் ஒரு ஏக்கர், ஒரு போகத்தில் குறைப்பது அரை டன்னுக்கும் கீழே. பேச்சுக்கு ஒரு டன் 1,000 ரூபாய்க்கு விற்றால் 420 ரூபாய். அதில் திட்டச் செலவு, சரிபார்ப்புச் செலவு, இடையில் இருப்பவர் பங்கு எல்லாம் போகும். இது தண்ணீர் மிச்சத்தோடும் உரச் செலவுக் குறைவோடும் சேர்ந்து வரும் சிறு வருமானம், அவ்வளவுதான்.

இதில் ஆபத்தும் உண்டு. உலக அளவில் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு, நெல்லுக்கான பழைய கணக்கிடும் முறையை 2023-ல் நிறுத்தியது. 2024-ல் சீனாவில் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. 2025-ல்தான் புதிய முறையை வெளியிட்டது. திட்டம் நிராகரிக்கப்பட்டால் வயலில் வேலை செய்தவருக்குப் பணம் உண்டா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

இப்போதே செய்யக்கூடியவை

எந்த நிறுவனமும் வராவிட்டாலும், கீழே உள்ள நான்கும் உங்களுக்கே பயன் தருபவை.

1. காய்ச்சலும் பாய்ச்சலும்: சுமார் 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. அகலம் உள்ள பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதியுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். குழாய் இல்லாதவர்கள் மயிரிழை வெடிப்பு கண்டதும் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காய விடக் கூடாது. உவர் நிலத்தில் இந்த முறை வேண்டாம்.

2. வைக்கோலும் தாளும்: அறுத்த கையோடு மடக்கி உழுது உடனே நட்டால் மீத்தேன் மிகவும் கூடும். எக்டேருக்கு 2 டன் காய்ந்த வைக்கோலை நடவுக்கு முந்தைய 30 நாளுக்குள் உழுதால், உமிழ்வு ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது ஐ.பி.சி.சி. கணக்கு. அதே வைக்கோலை 30 நாளுக்கு முன்பே உழுதுவிட்டால் சுமார் 20 சதவீதம்தான் கூடும். இடைவெளி கிடைக்காத இடத்தில் வைக்கோலைக் கட்டு கட்டி மாட்டுக்கு எடுங்கள், அல்லது மட்கவைத்து இடுங்கள். கொளுத்த வேண்டாம்.

3. யூரியா: இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுங்கள். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். தேவைக்கு மேல் இடும் யூரியா காசுக்கும் நஷ்டம். புகையானையும் அழைத்து வரும்.

4. வயல் நோட்டு: சர்வே எண், ரகம், நட்ட தேதி, தண்ணீர் விட்ட தேதிகள், காய விட்ட நாட்கள், உர அளவு, அறுத்த மூட்டை, விற்ற ரசீது. குழாய் வைத்த வயலைத் தேதியோடு செல்போனில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் வயலின் கணக்கு அடுத்தவர் செயலியில் மட்டும் இருந்தால் அது அவர் சொத்து. உங்கள் நோட்டிலும் இருந்தால் பேரம் பேச உங்களுக்கு ஓர் ஆதாரம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

ஒப்பீட்டு ஆண்டு எது? ஏற்கெனவே இந்த முறையில் செய்பவருக்கு என்ன கிடைக்கும்? கணக்கு ஏக்கருக்கா, டன்னுக்கா?

குறைந்த உமிழ்வு யாருக்குச் சொந்தம்? அதைக் கிரெடிட்டாக வெளியே விற்பார்களா, அரிசி வாங்கும் நிறுவனம் தன் கணக்கில் காட்டுமா? ஒரே குறைப்பை இரண்டு பேருக்கு விற்க முடியாது. ஒரு திட்டத்தில் கையெழுத்துப் போட்டால் அத்தனை ஆண்டுகளுக்கும் அந்த வயல் இன்னொரு திட்டத்தில் சேர முடியாமல் போகலாம்.

விற்ற பணத்தில் விவசாயி பங்கு எத்தனை சதவீதம், எப்போது வரும்? திட்டம் நிராகரிக்கப்பட்டால் செய்த வேலைக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா? மழையால் காய விட முடியாத ஆண்டில் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டுமா? மகசூல் குறைந்தால் யார் பொறுப்பு?

குத்தகைக்குச் செய்பவர் நிலை என்ன? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் என்றால், வயலில் இறங்கிக் குழாய் பார்த்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை அதிகம் என்பதால், நிலத்துக்காரரும் சாகுபடி செய்பவரும் முன்பே பேசிப் பங்கை எழுதிக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கையில் வராமல் கையெழுத்து வேண்டாம். தனியாகப் போவதைவிட ஒரு மடைக்காரர்கள் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ பேசுங்கள். தண்ணீர் நிர்வாகத்துக்கும் அதுதான் வசதி. பேரத்துக்கும் அதுதான் பலம். வியட்நாம் 2030-க்குள் மேகாங் டெல்டாவில் 10 லட்சம் எக்டேரில் உமிழ்வு குறைந்த நெல் என்று 2023-ல் அறிவித்துத் தொடங்கியிருக்கிறது. அரிசி ஏற்றுமதியில் நம் போட்டியாளர் அவர்கள். டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு என்று வாங்குபவர் கேட்கும் காலம் வந்தால், பதில் சொல்லத் தயாராக இருப்பவருக்குத்தான் நல்ல விலை.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறை, இலை வண்ண அட்டை ஆகியவற்றுக்கான பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகலாம். ஒப்பந்தத் தாள் ஏதும் கைக்கு வந்திருந்தால் அதையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். வயல் நோட்டை இந்தப் போகத்திலேயே தொடங்கிவிடுங்கள்.